சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வரக்கூடிய விளையாட்டுகள்

அன்புள்ள பியூலாவுக்கு,

ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் உனக்கு முக்கியமான விஷயம் ஞாபகம் வரும் என்பதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். சின்ன வயதிலும் அப்படித்தான். பள்ளிக்கூட வாசலில் என் கையை விட்டுவிட்டு நாலு எட்டு ஓடிய பிறகு திரும்பி, "அம்மா, இன்னிக்கு டெஸ்ட்டு" என்பாய். போன மாதம் காட்பாடி ஜங்ஷனிலும் அதே கதை. மாப்பிள்ளை உள்ளே பெட்டிகளை சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். எர்ணாகுளம் வண்டி மெல்ல நகர்ந்தது. கல்யாணப் பெண்ணாக லட்சணமாகக் கையசைத்துவிட்டுப் போகாமல், நீ வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாய்: "அம்மா, நம்ம சைட்டை மூடிடலாம்மா! போய் மெயில் போடறேன்!" பக்கத்தில் டீ விற்றுக்கொண்டிருந்தவர் அப்பாவைப் பார்த்து, "இன்னா சார், நல்லா ஓடற கடைய மூடச் சொல்லுது பொண்ணு?" என்றார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கடை இல்லீங்க, வீடியோ கேம்" என்றார். அந்த மனிதர் அப்பாவின் நரைத்த தலையையும் என் மூக்குக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

சொன்னபடியே மெயில் போட்டாய். நீ விட்டுச் சென்ற கம்ப்யூட்டரில் நானே திறந்து படித்தேன். நம் தளத்தின் நெற்றியில் எப்போதும் இருக்கும் வரியை எனக்கு ஞாபகப்படுத்தியிருந்தாய்: "இங்கே எழுதப்பட்டிருக்கும் ஒவ்வொரு விளையாட்டையும் ஒரு தாய் கடைசி வரை விளையாடிப் பார்த்திருக்கிறாள்." பிறகு எழுதியிருந்தாய்: "கஷ்டமான கட்டம் வந்தா நீ கீபோர்டை என் பக்கம் தள்ளிடுவ. இனிமே யார் பக்கம்மா தள்ளுவ? நான் கொச்சியில உக்காந்து விளையாடி எழுதலாம். ஆனா நான் இன்னும் தாய் இல்லையே. பொய்யா ஒரு வரியை வெச்சிருக்கறதுக்கு மரியாதையா மூடிடலாம். தளத்தோட பேரைப் புதுப்பிக்க இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. யோசிச்சுச் சொல்லு." நீ எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. சரி அல்லது வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு ஒரே சொல்லில் பதில் எழுத வராது. உதாரணம் இல்லாமல் எதையும் சொல்லவும் வராது. அதனால் நீண்ட கடிதமாகவே எழுதுகிறேன். படித்து முடித்ததும் இதை நம் தளத்திலேயே போட்டுவிடு. உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்கிறேனே என்று சிரிக்காதே. தெரியாத தாய்மார்களும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார்கள் என்று வைத்துக்கொள்.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தது. நீ நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாய். துபாயிலிருந்து வந்த ஜான் மாமா, டிவியில் செருகி விளையாடும் கேம் பெட்டி ஒன்றை உனக்குக் கொடுத்திருந்தார். அதில் லாந்தர் விளக்கை எடுத்துக்கொண்டு ஒரு பையன் மலை ஏறுவானே, அந்த ஆட்டத்தை நீ ஒரு வாரமாக, வீட்டுப்பாடம் முடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருந்தாய். அன்றைக்குக் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, உடை கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டாய். பிரியாணியும் கத்தரிக்காய் பச்சடியும் மேசையில் ஆவி பறக்க இருந்தன. அப்பா முதலில் அன்பாகக் கூப்பிட்டார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு ஞானஸ்நானத்தில் வைத்த முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் எழுந்து போய் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். நீ அழவில்லை. அழுதிருந்தால் நாங்கள் சாதாரணமாக அதட்டிவிட்டுச் சாப்பிட்டிருப்போம். நீ வந்து உட்கார்ந்தாய், ஜெபம் சொன்னாய், ரெண்டு வாய் சாப்பிட்டாய். அப்புறம் நிதானமாகக் கேட்டாய்: "அப்பா, பாஸ்டர் பிரசங்கம் பண்ணும்போது பசிச்சா மைக்கைப் பிடுங்குவீங்களா?"

அப்பாவுக்கு வாயில் வைத்த கறி அப்படியே நின்றது. "அவரு எப்படியும் முடிச்சிடுவாருடி. உன் கேம் முடியுதா?" என்றார். "முடியும்ப்பா. இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு. கடைசிக் கட்டம்," என்றாய். எனக்கு அதுவரை அந்தப் பெட்டி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதியில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, மலையடிவாரத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும் என்று நீ பச்சடிக் கிண்ணத்தை மலையாக வைத்து விளக்கினாய். பரீட்சை எழுதும் பிள்ளையின் தாளைக் கடைசிக் கேள்வியில் பிடுங்கிக் கிழித்தால் எப்படியிருக்கும்? கூப்பிட்டும் வராத பிள்ளை என்றுதான் உன்னை நினைத்திருந்தோம். உண்மையில் அந்த ஆட்டம்தான் உன்னை வரவிடவில்லை.

அன்று சாயந்திரம் நம் வீட்டுக்கு மணி வந்தது. பள்ளியில் முதல் மணி அடித்தால் பிள்ளைகள் மைதானத்திலிருந்து கிளம்ப வேண்டும், இரண்டாம் மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டும். இடைப்பட்ட நேரம் அவர்களுடையது. கபடியில் கடைசியாக ஒரு முறை பாடிவிட்டு வரலாம், பைப்பில் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அதையே வீட்டில் வைத்தோம். சோறு வடித்ததும் கரண்டியால் தட்டில் ஒரு முறை தட்டுவது முதல் மணி. பரிமாறும்போது இரண்டாம் மணி. முதல் மணி அடித்தபின் நீ புதுக் கட்டம் தொடங்கக்கூடாது. இரண்டாம் மணிக்கு முன்னால் அப்பா பிளக்கைப் பார்க்கக்கூடக் கூடாது. "பாக்கக்கூடவா கூடாது?" என்று அப்பா கேட்டதும், "பாத்தா கை வரும்பா" என்று நீ சொன்னதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு நீ மலை உச்சிக்கு ஏறி லாந்தரை மாட்டிய பிறகே இரண்டாம் மணி அடித்தது. அந்த ஆட்டத்தின் முடிவில் வாணவேடிக்கை வந்தது. அதைப் பார்க்க அடுப்படியிலிருந்து நானும் ஓடி வந்தேன்.

இதை நான் வகுப்பில் ஒருநாள் சொல்லப்போக, அது ஊரெல்லாம் போய்விட்டது. ஆம்பூரில் யார் வீட்டிலிருந்தாவது ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். வரும்போது ஒரு கேம் பெட்டி வரும். அப்பா தோல் ஃபேக்டரியிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் இருக்க, வீட்டில் பிள்ளையும் பெட்டியும் தனியாக இருப்பார்கள். பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்தவர்கள் கணக்குப் பாடத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, "டீச்சர், அந்தச் செவப்பு கார் கேமு நல்லதா, கெட்டதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு எப்படித் தெரியும்? உன்னிடம் கேட்டுச் சொல்வேன். நீ என்ஜினியரிங் காலேஜில் சேர்ந்த வருடம், "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரு வெப்சைட் போட்டுடலாம்மா" என்றாய். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீயும் நானும் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து அப்பா, "சாப்பிட வா!" என்று குரல் கொடுத்தார். பெயர் அதுவாகிவிட்டது.

அந்தக் காலத்தில் தமிழில் தளம் போடுவது சாதாரண வேலையா? நம் வீட்டில் அழகாகத் தெரிந்த எழுத்து, கலீல் பாயின் பிரௌசிங் சென்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நீ ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றிப் போட்டாய். படம் திறப்பதற்குள் கலீல் பாய் ஒரு டீ குடித்து முடிப்பார். கேம்களின் இங்கிலீஷ் பெயர் தாய்மாருக்கு நாக்கில் நிற்காது என்பதால், சிடி அட்டையில் இருக்கும் படத்தை வைத்து நாமே பெயர் வைத்தோம்: மஞ்சள் ஹெல்மெட், அழுகிற ராஜா, வாத்துப் படகு.

வாத்துப் படகு என்று எழுதும்போதே உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். தளத்தின் முதல் சில விமர்சனங்களில் அதுவும் ஒன்று. படகு ஓட்டும் ஒரு வாத்து, கூட்டல் கழித்தல் போட்டால் ஆற்றைக் கடக்கும். நான் மூன்று கட்டம் விளையாடினேன். கணக்கு டீச்சரை மயக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? கையெழுத்து அழகாக இருந்தால் பதிலைப் படிக்காமலே மார்க் போடும் வாத்தியார்களை நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அதே வேலையை நானே செய்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு போட்டு, "குழந்தைகளுக்கு ஏற்றது" என்று எழுதினோம். நம் தெரு சபீனா, ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவள், அதை நம்பி வேலூர் போய் மூத்த மகனுக்கு வாங்கிக்கொடுத்தாள். பத்து நாள் இருக்கும். காலையில் அவள் பையனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, உங்க வாத்து சூதாடுது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பத்தாவது கட்டத்துல ஆத்துக்கு நடுவுல ஒரு வூடு கீது. அங்க போயி காசு வெச்சி ஆடி ஜெயிச்சாத்தான் மேல போவ முடியும். இவன் இன்னா பண்றான் தெரியுமா? ஸ்கூல்ல பலப்பத்த வெச்சி ஆடறான். கிளாஸ்ல யார்கிட்டயும் பலப்பம் இல்ல, எல்லாம் இவன் டவுசர்ல கீது!" என்றாள். பையன் காது பிடியில் இருந்தபடியே, "டீச்சர்தானே தொண்ணூறு போட்டாங்க" என்றான். உன் அப்பா இந்த மாதிரி சந்தர்ப்பத்தை விடுவாரா? தோல் ஃபேக்டரியில் அவருக்குத் தரம் பிரிக்கும் மேசையில் வேலை. "இன்னா டீச்சர், நாங்க தோலை மேல்பக்கம் பளபளன்னு இருக்குன்னு ஒண்ணாம் நம்பர் போட்டா சும்மா விடுவாங்களா? திருப்பிப் பாக்க வேணாமா?" என்றார். "பிளக்கைப் பிடுங்கறவங்க பேசக்கூடாது" என்று நான் சொன்னேன். சபீனாவே சிரித்துவிட்டாள். பையனின் காதும் விடுதலையானது.

அன்றைக்கே வாத்துப் படகின் மதிப்பெண்ணை அடித்துத் திருத்தி, ஏன் திருத்தினோம் என்பதையும் எழுதி, தளத்தின் நெற்றியில் அந்த வரியைப் போட்டோம். கடைசி வரை விளையாடாமல் இனி ஒரு விமர்சனமும் கிடையாது. சபீனா கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். மாறாக, அவள்தான் ஷூ கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நம்மைப் பரப்பினாள். "தப்பு பண்ணா தப்புன்னு எழுதறாங்க, நம்பலாம்" என்று சொன்னாளாம். இதை நீ உன் குடும்பத்திலும் வைத்துக்கொள். தப்பு நடக்கும். அதை மறைக்காமல், அழிக்காமல், எல்லோர் கண்ணிலும் படும்படி கோடு போட்டுத் திருத்திவிடு. கோடு போட்டுத் திருத்திய நோட்டைத்தான் நான் எப்போதும் அதிகம் நம்பினேன்.

பிறகு வந்த வருடங்கள் எவ்வளவு கலகலப்பானவை! ஒவ்வொரு கேமுக்கும் ரேங்க் கார்டு போட்டோம். ரத்தம் வருகிறதா, கெட்ட வார்த்தை இருக்கிறதா என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். நாம் பார்த்தது வேறு. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வர முடியுமா? வீட்டில் ரெண்டு பிள்ளை இருந்தால் ரெண்டு பேரும் சேர்ந்து ஆட முடியுமா? தோற்றுப்போனால் அந்த ஆட்டம் பிள்ளையைத் திட்டுகிறதா, தேற்றுகிறதா? இந்தக் கடைசிக் கேள்வி நான் சேர்த்தது. ஃபெயிலான தாளைத் திருப்பிக் கொடுப்பதில்தான் ஒரு வாத்தியாரின் லட்சணம் தெரியும். விழுந்த குதிரைவீரனைப் பார்த்துச் சிரிக்கிற ஆட்டத்துக்கு நான் இரண்டு மார்க்குக்கு மேல் போட்டதில்லை. விழுந்தவனுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து எழுப்பிவிடும் ஆட்டம் ஒன்று வந்ததே, அதற்குப் பத்துக்குப் பத்து.

கலீல் பாய் நம் பக்கத்தை அச்செடுத்து சென்டர் சுவரில் ஒட்டுவார். அவர் கம்ப்யூட்டர்களில் பையன்கள் விரும்பி ஆடும் மஞ்சள் ஹெல்மெட்டையே நாம் ஃபெயிலாக்கியபோது, பசையும் கையுமாக நின்று புலம்பினார்: "என் கடை, என் செவுரு, என் பேப்பரு. என் கேமுக்கே ஃபெயில் மார்க்கு! டீச்சரம்மா, ஒரு டீயாவது குடிங்க, ஒரு அஞ்சு மார்க்காவது ஏத்துங்க." அதற்குப் பயந்துதான் நான் அவர் கடையில் டீ குடித்ததே இல்லை. உட்கார்ந்த நேரத்துக்கான காசையும் கொடுத்துவிடுவேன். ஆனாலும் ஒட்டினார். அவருக்கும் ரெண்டு பெண் பிள்ளைகள். பையன்களோ அந்தத் தாளைக் கிழிக்காமல் அடியில் பேனாவால் எழுதினார்கள்: "ரீவேல்யூவேஷன் வேண்டும்." முறையாகக் கேட்டால் மறுக்கலாமா? நானும் நீயும் மறுபடி விளையாடினோம். இரவு நேரப் பந்தயத்தில் விபத்தில் சிக்கியவனை நிறுத்தி ஏற்றிக்கொண்டால் தனிப் புள்ளி உண்டு என்பதை முதல் தடவை கவனிக்கவில்லை. ஆறு மார்க் கூட்டினோம். அப்போதும் ஃபெயில்தான். ஆனால் பையன்கள் கை தட்டினார்கள். நியாயமாகத் தோற்றதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

இப்போது உன் புது வீட்டுக்கு வருகிறேன். மாப்பிள்ளை கிரிக்கெட் பார்ப்பார், நீ கேம் ஆடுவாய். ரெண்டு பேருமே நடுவில் கூப்பிட்டால் காது கேட்காதவர்கள். இதற்காகச் சண்டை வரும், வரட்டும். ஆனால் 'நிறுத்து' என்று சொல்லாதே. 'எங்கே நிறுத்தலாம்?' என்று கேள். முதலாவது கட்டளை. இரண்டாவதைக் கேட்க வேண்டுமென்றால் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கொஞ்சமாவது எட்டிப் பார்க்க வேண்டும். ஆபீஸ் வேலை, அம்மாவோடு போன், அரைமணி நேரச் சும்மா இருத்தல், எதுவாக இருந்தாலும் அதற்குள் அவருக்கு ஒரு மலை இருக்கும். உன் அப்பாவும் நானும் இத்தனை வருடம் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தோம். என்றாலும் அவர் மணி அடிப்பதோடு சரி. அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. போன ஞாயிறு வரைக்கும்.

அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீ மெயில் அனுப்பிய மறுநாள் சபீனா வந்தாள். சின்னவனுக்கு லீவு விடப்போகிறது, ஒரு கேம் கேட்டு அடம் பிடிக்கிறான் என்று சிடி அட்டையை நீட்டினாள். அட்டையில், காற்றாடியின் நூலைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு மாடி பறக்கும் ஒரு பெண். "வாங்கிட்டேன், ஆனா பிரிக்கல. நீங்க பாத்து சொல்லுங்க. வாத்து மாதிரி இருந்தா பேஜாரு" என்றாள். தளத்தை மூடப்போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "பாப்பா போயிட்டாளேன்னு கவலப்படாதீங்க டீச்சரம்மா, நீங்கதான் ஆடறீங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நெற்றியில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிற ஒரு மனுஷி! அந்த வரி இத்தனை நாள் முக்கால் உண்மையாகத்தான் இருந்தது என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். மாதக் கடைசிக்குள் அதை முழு உண்மையாக்க வேண்டும், முடியாவிட்டால் உன் பேச்சைக் கேட்டு மூடிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

காற்றாடிப் பெண் ஊரெல்லாம் பறந்து வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முதல் நாள் அவள் கிளம்பிய மாடியிலிருந்தே கீழே விழுந்துகொண்டிருந்தாள். என் கட்டை விரலுக்குத் தைலம் தேய்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் அவள் தெரியவில்லை, போட்டால் கீபோர்டு தெரியவில்லை. உனக்குப் போன் போட்டு ஒரு யோசனை கேட்கலாம் என்று ரிசீவரை எடுத்து எடுத்து வைத்தேன். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: காற்று இடமிருந்து வந்தால் நூலை விடு, வலமிருந்து வந்தால் நூலை இழு. அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேட்ச் பார்ப்பது போல, "இழு, இழு, ஐயோ வுட்டியே!" என்று கத்துவார். தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ! ஆனால் ஒன்று சொல்கிறேன், பியூலா: ஒவ்வொரு முறை அவள் விழும்போதும் யாரோ ஒருவர் மாடியில் காயப்போட்ட துணியை விரித்துப் பிடிக்கிறார். தேற்றுகிற ஆட்டம். அதனாலேயே மறுபடி மறுபடி எழுந்தேன். மெல்ல மெல்ல அவள் பறந்தாள். ஒரு சாயந்திரம் முழு பஜாரையும் தாண்டி அவள் ஆற்றுக்கு மேலே போனபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு ஆடினேன்.

போன ஞாயிறு கோவிலிலிருந்து வந்ததும் உட்கார்ந்தேன். கடைசிக் கட்டம், புயல். வழக்கமாக நீ கையை நீட்டி வாங்கிக்கொள்ளும் இடம். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பிரியாணியை அன்று அப்பாதான் பார்த்துக்கொண்டார். முதல் மணி அடித்தார். எனக்குக் கேட்டது. காற்றாடி பாதி வானத்தில் இருந்தது. இரண்டாம் மணி அடித்தார். நான் எழவில்லை. அந்தக் கட்டத்தில் நிறுத்தி வைக்க வழியே இல்லை, விட்டால் மறுபடி முதல் மாடிதான். அப்பா கரண்டியோடு கதவருகே வந்து நின்றார். ஓரக்கண்ணால் பார்த்தேன், அவர் பார்வை சுவரில் இருந்த பிளக்குக்குப் போனது. நீ சொன்னது போல, பார்த்தால் கை வரும். அவர் பிளக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தார். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, நம் வீட்டில் நான் அவரிடமிருந்து ஒருநாளும் கேட்டிராத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எங்க நிறுத்தலாம், டீச்சர்?"

"நிறுத்த முடியாதுங்க. இன்னும் ஒரே ஒரு கட்டம்தான்," என்றேன்.

"சரி. இடதுபக்கம் காத்து வருது பாரு, நூல வுடு," என்றார்.

விட்டேன். புயலைத் தாண்டி அந்தப் பெண் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் போய் இறங்கினாள். ஊரில் எல்லா மாடியிலிருந்தும் காற்றாடிகள் ஏறின. அப்பா கரண்டியைக் கம்ப்யூட்டர் மேசையில் தட்டி மூன்றாம் மணி அடித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "ஸ்கூல் வுட்டாச்சுன்னு அர்த்தம்" என்றார்.

விமர்சனம் இத்துடன் இருக்கிறது, ஏற்றிவிடு. சபீனா இன்றைக்கே பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் பார்ப்பாள். தோற்றவரைத் தேற்றுவதற்குப் பத்துக்குப் பத்து. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வர முடியுமா என்பதற்குப் பத்துக்கு மூன்றுதான். பிரியாணி சுத்தமாக ஆறிப்போய்விட்டது, நானே சாட்சி. ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கட்டத்தைத் தொடங்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும்படி தாய்மாருக்கு ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன். தளத்தின் பெயரைப் புதுப்பித்துவிடு. நெற்றியில் இருக்கும் வரியில் ஒரு எழுத்தையும் மாற்றாதே.

அடுத்த மாதம் நீங்கள் இருவரும் வரும்போது பிரியாணி சூடாக இருக்கும். முதல் மணியை மாப்பிள்ளையை அடிக்கச் சொல்லலாம், பழகிக்கொள்ளட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா